பொத்தைக்காட்டுக்கு ஜேசிபி வேண்டாம்

(மஸ்கட்டிலிருந்து)

செயலாளர் தம்பிக்கும் மற்ற எல்லாருக்கும்,

நம்ம ஊர்ப் பொத்தைக்காட்டை (குன்றுச் சரிவை) திருத்தச் சங்கம் ஆளுக்கு ஐயாயிரம் கேட்ட மடலும் எஸ்டிமேட்டும் பார்த்தேன். ஜேசிபி விட்டுப் புதரைத் தள்ளுவது, கம்பிவேலி போடுவது, மாஞ்சியம் (அகேசியா வகை மரம்) நடுவது. இதுக்கு என் பணம் வராது. கையாலை (மண்ணைத் தாங்குற கல்சுவர்) கட்டுறதுன்னா இரண்டு பங்கு தாறேன்.

பொத்தைக்காடு தானா முளைச்ச காடு இல்லை. தலைமுறை தலைமுறையா காணமும் (கொள்ளு) மரச்சீனியும் (மரவள்ளி) போட்ட விளை. அடியிலிருந்து உச்சிவரை படிப்படியாகக் கல் கையாலை. அதுக்குப் பின்னால் நிற்கிற மண், மழை இறக்கினதும் நம்ம ஆட்கள் குளத்து வண்டலும் சாணமும் சாம்பலுமாகச் சுமந்து போட்டதும். அதுக்குக் கீழே பாறைதான். புளியும் அயனியும் கொல்லாமரமும் கையாலை ஓரமாகவே வரிசையாக நிற்பது அதனால்தான். ஜேசிபி மேலே ஏறணும்னா ஒவ்வொரு கையாலையிலும் பத்தடி உடைக்கணும். அந்த வாய் வழியாக ஐப்பசி மழை ஓடை பறிச்சு, மண் மொத்தமும் கீழே ஏலாவுக்கு (வயலுக்கு) இறங்கிடும்.

புதர் எல்லாம் உண்ணிச்செடி (லண்டானா). 2017 ஒக்கி புயலில் மரம் சாய்ந்து வெயில் விழுந்த இடத்தில்தான் அடர்ந்திருக்கு. மேலே வெட்டினா தூரிலிருந்து இன்னும் அதிகமாகத் துளிர்க்கும். மண்ணைக் கிளறினா புதைஞ்ச விதை எழும்பும். ஆடிச் சாரலில் மண் இளகினதும், காய் பழுக்கும் முன்னே, தூரைச் சுற்றி மம்மட்டியால் தோண்டி, தரைக்கு இரண்டு விரல் கீழே ஆணிவேரை வெட்டுங்க. செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடணும்; கணு ஈரமண்ணைத் தொட்டா மறுபடி வேர்விடும். பிறகு இரண்டு மூன்று வருஷம் நாற்று பிடுங்கணும், முதலில் குருவி வந்து உட்காருகிற மரத்தடியில். தீ வைக்கவே கூடாது. மாஞ்சியமும் வேண்டாம்: சருகு லேசில் மக்காது, தீப்பட்டா அதன் விதைதான் முந்தி முளைக்கும்.

கீழவீட்டு அத்தான் போன மாசம் போனப்போ எடுத்த படத்தைப் பெரிசாக்கிப் பாருங்க. கையாலையில் சிமெண்ட் பூசின பத்தடி வயிறு தள்ளி நிற்குது. மூன்றாவது கல்வரிசையில் விரல் நுழையும் விரிசல், அதிலிருந்து செம்மண் தண்ணி வழிஞ்ச தடம். பின்னால் தேங்கின தண்ணிக்குப் போக வழி இல்லை, அதான் தள்ளுது. சரிஞ்ச இடத்தில் உறுதியான கல் வரும்வரை பிரிச்சு, கெட்டித் தரைவரை வாணம் (அஸ்திவாரக் குழி) தோண்டி, பெரிய கல்லை அடியில் வைக்கணும். முகம் மேட்டுப் பக்கமா சாய்ந்திருக்கணும், ஆறடி உயரத்துக்கு ஓரடி. இடையிடையே நீளக்கல் உள்ளே போகட்டும். பின்னால் சில்லுக்கல் நிரப்புங்க, மண்ணை நேரா தள்ளாதீங்க.

(சிங்கப்பூரிலிருந்து)

அண்ணாச்சி சொன்னது சரி, ஆனா பணம் எந்தக் கணக்குக்குப் போகுது? வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010 படி, இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினா வெளிநாட்டு நன்கொடையில் சேராது. குடியுரிமை மாறினவர், இந்திய வம்சாவளிக்குத் தர்ற ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டார்தான். அவங்க பணம் வாங்க சங்கத்துக்குப் பதிவோ முன் அனுமதியோ வேணும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அது டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில்தான் வந்து விழணும். நமக்குப் பதிவும் இல்லை, முன் அனுமதியும் இல்லை. குடியுரிமை மாறின டொராண்டோக்காரங்க யாரும் இப்போ அனுப்பாதீங்க. மைக்செட் வாங்கின ரசீதும் இன்னும் வரலை.

(டொராண்டோவிலிருந்து)

அனுப்பாதேன்னு சொல்ல நீ யாருடே? அந்த மேல் நாலு தட்டு எங்க தாத்தா சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தது. அங்கே வைக்கிற பெயர்ப்பலகையில் அவர் பேர் இருக்கா? அந்தக் காய்ஞ்ச பனை இரண்டையும் வெட்டி விற்க எஸ்டிமேட்டில் போட்டிருக்கே, யாரைக் கேட்டு?

(மஸ்கட்டிலிருந்து)

மேலவிளை மாமா, பனையைத் தொட விடமாட்டோம். பனை வெட்டக் கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவிச்சாச்சு. காய்ஞ்ச பனைப் பொந்தில்தான் கிளியும் ஆந்தையும் குஞ்சு பொரிக்கும். பலகையில் தாத்தா பேர் வரணும், அதில் எனக்கு மறுப்பில்லை.

தம்பி, ஜேசிபி வாடகை, வேலிக்கம்பி, மாஞ்சியம் நாற்று மூன்றையும் அடிச்சிட்டு, கையாலைக்காரர் கூலியும் உண்ணி பறிக்கிற ஆள்கூலியும் தனித்தனியாகப் போட்டு புது எஸ்டிமேட் அனுப்பு. மைக்செட் ரசீதையும் அதோடு வை.