தலைவருடைய ஒரு நாளில் நாம் பார்த்தது எவ்வளவு?

செந்தூல், ஒலிபெருக்கிக்காரர் எழுதியது

எனக்குத் தொழில் சவுண்ட் சிஸ்டம். கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாம் செய்வேன். சில வருடங்களுக்கு முன்பு கோலாலம்பூரில் ஒரு மண்டபத்தில் நான் மைக் வைத்த நிகழ்ச்சிக்குப் பிரதமர் வந்தார். எந்தப் பிரதமர் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் இது அரசியல் சண்டையாகிவிடும், அப்புறம் யாரும் அனுபவம் எழுத மாட்டீர்கள்.

அவர் வருவது காலை 10.40க்கு. என்னை வரச் சொன்னது விடியற்காலை 5 மணிக்கு. முந்தின நாளே ஒரு தாள் கொடுத்துவிட்டார்கள். நிகழ்ச்சி நிரல்தான், நாங்கள் தெந்தாத்திவ் என்போம். 10.40 வாகனம் வாசலில். 10.42 வரவேற்பு. 10.45 நெகாராகூ, நம்ம தேசிய கீதம். இப்படி ஒவ்வொரு இரண்டு மூன்று நிமிடத்துக்கும் ஒரு வரி. நம்ம ஊர் கல்யாணத்தில் பத்து மணி என்றால் பதினொன்றரைக்குத்தான் மாப்பிள்ளையே வருவார். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது.

மோப்ப நாய் வந்து என் ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளை ஒன்றுவிடாமல் மோந்தது. பிறகு ஓர் அதிகாரி வந்து உரை மேடையில் நின்று, “இந்த உயரத்துக்கு மைக்கை வை” என்றார். பிரதமரும் அவரும் ஏறக்குறைய ஒரே உயரமாம், அதற்காகவே அவரை அனுப்பியிருந்தார்கள். ஒரு மைக் செத்தால் இன்னொன்று இருக்க வேண்டும், ஆகவே இரண்டு. இரண்டாவதும் செத்தால் நான்தான் சாக வேண்டும்.

நான் சொல்ல வந்தது மேடைக்குப் பின்னால் நடந்ததை. மேடைக்குப் போகும் முன் சட்டையில் சின்ன மைக்கைக் குத்திவிட ஓய்வறைக்குள் போனேன். உள்ளே நான்கைந்து பேர் நின்றுகொண்டே ஃபோனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் சோபாவில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை, ஏனென்றால் கையில் இருந்த உரைத்தாளை விரல் தடவிக்கொண்டே இருந்தது. ஒரே பக்கம் அச்சிட்ட தாள், பெரிய பெரிய எழுத்து. எதிரே தட்டில் கறிபாப். அதில் ஒன்றைப் பிட்டு, பாதியை வாயில் போட்டு, மறுபாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார். நான் மைக்கைக் குத்தினேன். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான்.

அது அன்றைக்கு அவருக்கு மூன்றாவது நிகழ்ச்சி என்றும் இன்னும் நான்கு இருக்கிறது என்றும் உதவியாளர் ஒருவர் பிறகு சொன்னார். இப்படிப் பக்கத்தில் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பீர்கள். எழுதுங்கள்.

கிள்ளான் பாதை, தினமும் வேலைக்குப் போகிறவர்

நான் சந்தித்தது அவுட்ரைடரின் விசிலை, அதாவது முன்னே மோட்டார் சைக்கிளில் வழி ஒதுக்கும் போலீஸ்காரருடையதை. நாற்பது நிமிடம் நெடுஞ்சாலையில் நின்றேன், கறுப்புக் கார்கள் போயின, முடிந்தது. யார் உள்ளே இருந்தார் என்றுகூடத் தெரியாது. முதலாளி நம்பவில்லை, அரை நாள் சம்பளம் போச்சு.

பணி ஓய்வு பெற்ற எழுத்தர், ஜாலான் ஈப்போ

தம்பி, நீங்கள் பிரதமரை ஒரு தடவை பார்த்தீர்கள். எங்கள் காலத்தில் பிரதமருடைய நாள் எங்கள் கழுத்து வரைக்கும் வந்தது.

1981 ஜூலையில் டாக்டர் மகாதீர் பதவிக்கு வந்தார். கொஞ்ச நாளிலேயே அரசாங்க அலுவலகங்களில் நேரம் குத்தும் கடிகாரம் வந்தது, நெஞ்சில் பெயர்ப்பட்டை வந்தது. அவரே பெயர்ப்பட்டை போட்டுக்கொண்டுதான் வருவார். அதுவரைக்கும் எங்கள் அலுவலகத்தில் எட்டு மணி வேலை என்றால் எட்டரைக்கு வந்து, பையை வைத்து, பசியாறப் போய், ஒன்பதேகாலுக்கு நாற்காலியில் உட்காருவது வழக்கம். யாரும் கேட்டதில்லை. அட்டை வந்த பிறகு எட்டு மணி ஒரு நிமிடம் என்றால் எண் சிவப்பாக விழும். என் அட்டையில் முதல் மாதம் ஏழு சிவப்பு. மினி பஸ்ஸை நம்பியவளுக்கு வேறு என்ன விழும்? மேலதிகாரி அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “அம்மாவுக்குச் சிவப்புதான் பிடிக்குமோ?” என்றார்.

திட்டினோம், நிறையவே திட்டினோம். ஆனால் முதலாளியும் அதே கடிகாரத்தில் குத்துகிறார் என்றால் வாய் கொஞ்சம் அடங்கத்தான் செய்யும்.

போன வருடம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீ பெர்டானா காட்சிக்கூடத்துக்குப் போனேன். 1983 முதல் 1999 வரை, புத்ராஜெயாவுக்குக் குடிபோகும் வரை, அவர் பிரதமராக வாழ்ந்த அதிகாரபூர்வ இல்லம் அது. அவருக்குத் தச்சு வேலை பொழுதுபோக்கு என்பது ஊருக்கே தெரியும். ஒரு நாட்டை நடத்திவிட்டு வந்து உளி பிடிக்க ஒரு மனிதருக்கு நேரம் எங்கிருந்து கிடைத்தது என்றுதான் எனக்கு ஓடியது. பேத்திக்கு ஓடியது வேறு. “பாட்டி, இவ்வளவு பெரிய வீட்ல யாரு கூட்டுவாங்க?”

பட்டர்வொர்த்

என்னுடையது நேரில் கண்டதல்ல, தாத்தாவிடம் கேட்டது. ஆனாலும் ‘ஒரு தலைவருடைய நாள்’ என்றால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

தாத்தா கெடாவில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று எங்கள் வீட்டில் ஒரு நோயின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். வேலை போனால் லயத்து வீடும் போகும், ஏனென்றால் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். கோயிலும் பள்ளிக்கூடமும் தோட்டத்து மண்ணில்தான். அப்போதுதான் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், 1960இல். ஆளுக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) போடுங்கள், சேர்ந்து தோட்டத்தை நாமே வாங்குவோம் என்பது திட்டம். இன்றைக்குப் பத்து வெள்ளியில் ஒரு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டுச் சில்லறை வாங்கலாம். அன்றைக்குத் தோட்டத்துக் குடும்பத்துக்கு அது நாலைந்து நாள் யோசித்துக் கொடுக்கிற காசு.

அவர் அந்தக் காலத்தில் பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு அமைச்சர். பகலெல்லாம் கோலாலம்பூரில் கோப்பும் கூட்டமும். அப்படியென்றால் தோட்டத்துக்கு எப்போது வருவது? இங்கேதான் தாத்தா சொன்ன விஷயம் எனக்குப் பிடிக்கும். விடியும் முன்பே பெரட்டு. ஆள் எண்ணி அனுப்பினதும் காட்டுக்குப் போய்விடுவார்கள், ஏனென்றால் வெயில் ஏறினால் பால் வடியாது. வெட்டி முடித்து, பால் சேர்த்து, ஸ்டோரில் எடை போட்டு, குளித்துச் சாப்பிட மத்தியானம் தாண்டிவிடும். ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் லயத்தில் விளக்கு அணைந்துவிடும், மறுநாள் நாலரைக்கு எழுந்திருக்க வேண்டுமே. ஆக, கூட்டம் போட சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழரைக்குள்தான் முடியும். அமைச்சராக இருந்தால் என்ன, அந்த நேரத்துக்குள் வந்து சேர வேண்டியவர் அவர்தான். பால்மரத்துக்கு அமைச்சருடைய நாட்குறிப்பு தெரியாது.

கோயில் திடலில் பெட்ரோமாக்ஸ் விளக்கு. தாத்தா மூன்றாவது வரிசையில் சப்பணம் கட்டி உட்கார்ந்திருந்தாராம். தமிழில் பேசினார், நீட்டி முழக்காமல், கடன்காரன் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார் என்பார். சம்பந்தன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளை. கூட்டம் முடிந்து சாப்பிடக் கூப்பிட்டார்களாம், நின்றபடியே ஒரு டம்ளர் கோப்பி ஓ குடித்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போனாராம். இது தாத்தா சொன்னபடி. வருடத்துக்கு வருடம் அந்த டம்ளர் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தாத்தா அன்றைக்கே பணம் கட்டவில்லை. பாட்டிதான் ஆறு மாதம் கழித்துக் கோழி விற்றுக் கட்டினார்.

பிரிக்ஃபீல்ட்ஸ், பூக்கடை

2010 அக்டோபர் 27. இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம்ம பிரதமர் நஜீப்பும் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைக்க வந்த நாள். நான் துன் சம்பந்தன் சாலையில் பூ கட்டுகிறேன், அப்போதும் இப்போதும். அதனால் மேலே எழுதியவருக்கு ஒரு வணக்கம், அவர் தாத்தாவின் தலைவர் பெயரில் இருக்கிற ரோட்டில்தான் என் பிழைப்பு.

ஒரு ஆர்டரில் எட்டு மாலை கட்டினேன். ரோஜாவும் சம்பங்கியும், நடுவில் கொஞ்சம் மருக்கொழுந்து. பாதுகாப்பு ஆட்கள் வந்து மாலையை விரித்து விரித்துப் பார்த்தார்கள். மூன்று மாலையின் குஞ்சம் பிரிந்துவிட்டது. திரும்பக் கட்டக் கத்தரிக்கோலை எடுத்தால், கூடாது என்றார்கள். பல்லால் நாரைக் கடித்துக் கட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பிரதமர் கழுத்தில் விழுந்த மாலை என் பல் கடித்த மாலையாகத்தான் இருக்கும். எந்தப் பிரதமர் என்று எனக்கும் தெரியாது.

பார்த்தேனா என்று கேட்டால், கூட்டத்துக்கு மேலே ஒரு தலைப்பாகை தெரிந்தது. அதுகூட முதுகுப் பக்கம். அன்றைக்கு மத்தியானத்துக்குப் பிறகு வியாபாரம் நன்றாக ஓடியது, அதையும் மறைக்கக் கூடாது.

பினாங்கு, ஜார்ஜ் டவுன்

பதவியில் இருக்கிறவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். பதவி விட்ட பிறகும் ஒரு தலைவருக்கு வேலை நாள் உண்டு. நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் 1970இல் பதவியை விட்டார். பிறகு பினாங்கில், அப்போது ஆயர் ராஜா ரோடு என்றிருந்த சாலையில் குடியிருந்தார். இன்றைக்கு அதற்கு அவர் பெயர். என் அப்பா அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்றவர். வாசல் வரைதான் அவருக்கு வேலை, உள்ளே போனதில்லை. காலையிலேயே யாராவது ஒருவர் மனுவோ புகாரோ கல்யாணப் பத்திரிகையோ வைத்துக்கொண்டு வாசலில் நிற்பதைப் பார்ப்பாராம்.

எனக்கு முக்கியமாகப் படுவது அவர் எழுதியது. ஸ்டார் பத்திரிகை 1971இல் பினாங்கில்தான் தொடங்கியது. அதில் துங்கு வாராவாரம் பத்தி எழுதினார். எண்பது வயதைத் தாண்டியும், கண் மங்கிய பிறகும் விடவில்லை. தனக்குப் பிடிக்காததைத் தயங்காமல் எழுதினார், பதவியில் இருந்தவர்கள் தன் கட்சி வழி வந்தவர்கள் என்று பார்க்கவில்லை. 1987 அக்டோபரில் அந்தப் பத்திரிகையின் உரிமம் நிறுத்தப்பட்டது. 1988 மார்ச்சில் பத்திரிகை திரும்ப வந்தது, துங்குவின் பத்தி வரவில்லை. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் நான் அதை வாசித்து அர்த்தம் சொல்வதற்காகவே பழைய தாளைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வருவார். அது நின்ற பிறகு ரொட்டி சுற்ற மட்டும்தான் தாள் வந்தது.

தமிழ் நாளிதழ் நிருபர், கோலாலம்பூர்

செந்தூல் அண்ணே, நீங்கள் சொன்ன ஏழு நிகழ்ச்சி வெளியே தெரிகிற நாள். நாங்கள் துரத்துவது வேறொரு நாளை.

பெரும்பாலும் புதன்கிழமை அமைச்சரவை கூடும். அதற்கு முன் பிரதமர் இஸ்தானா நெகாராவுக்குப் போய் மாமன்னரைச் சந்தித்து, அன்று பேசப் போவதைச் சொல்ல வேண்டும். அரண்மனை கோலாலம்பூரில், அலுவலகம் 25 கிலோமீட்டர் தள்ளிப் புத்ராஜெயாவில். அந்தத் தூரம் நமக்குப் பயணம், அவர்களுக்குக் காருக்குள் ஒரு கூட்டம். மக்களவை நடக்கிற காலமென்றால் செவ்வாய்க்கிழமை பிரதமர் கேள்வி நேரம், 2023இல் ஆரம்பித்தது. காலை பத்து மணிக்கு அவை தொடங்கும். எழுதிக் கொடுத்த கேள்விக்கு அதிகாரிகள் பதில் தயாரித்திருப்பார்கள், அதை வாசித்துவிடலாம். ஆள் யார் என்று தெரிவது கூடுதல் கேள்வி வரும்போதுதான். முகம் பார்த்தே சொல்லலாம், கோப்பைப் படித்துவிட்டு வந்தாரா, காரில் புரட்டினாரா என்று.

பிறகு முகப்புக்கூடத்தில் காத்திருப்போம். இருபது ஃபோன், பத்து ஒலிவாங்கி. பின்வரிசையில் நிற்கிற தமிழ் நிருபருக்கு ஒரு கேள்வி கேட்கக் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். ஒரு தடவை தமிழ்ப்பள்ளி மானியத்தைப் பற்றிக் கேட்க மூன்று மணி நேரம் நின்றேன். பாதிக் கேள்வியில் உதவியாளர் தோளைத் தொட்டார், தலைவர் நடந்துவிட்டார். மீதிப் பாதியை அவருடைய முதுகிடம் கேட்டேன். பதில் இரவு பதினொன்றேகாலுக்கு ஃபோனில் வந்தது, அவருடைய அலுவலகத்திலிருந்து, இரண்டு வரி. பத்திரிகை அச்சுக்குப் போயிருந்தது. பதினொன்றேகாலுக்கும் யாரோ அங்கே விழித்திருந்து என் அரைக் கேள்வியை எடுத்துப் பார்த்திருக்கிறார் என்பதை மட்டும் நான் இன்னும் மறக்கவில்லை.

பட்டர்வொர்த், மீண்டும்

ஒரு சின்னச் சேர்க்கை. சம்பந்தன் 1973இல் ஒரே ஒரு நாள் தற்காலிகப் பிரதமராகவும் இருந்திருக்கிறார். இதைக் கேட்டதும் தாத்தா, “ஒரு நாளா? அன்னைக்கும் எங்கேயாவது கூட்டத்துக்குத்தான் போயிருப்பாரு” என்றார்.

கிள்ளான் பாதைக்காரர்

அதெல்லாம் சரி. செந்தூல் அண்ணே, அந்தப் பாதிக் கறிபாப் என்ன ஆச்சு?

செந்தூல்

என் கையாள் பையன் தின்றுவிட்டான். வீட்டுக்குப் போய், பிரதமர் கடித்த கறிபாப் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். எச்சிலைத் தின்றாயா என்று அவன் அம்மா முதுகில் ஒன்று வைத்தார்களாம். நான் ஃபோன் பண்ணி, கடிக்கவில்லை அக்கா, கையால் பிட்டதுதான் என்று சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று.