நீள ஸ்விங்ஆர்ம் மாட்டினேன், ஜம்ப் இறங்கும்போது செயின் 'டக்' என்று இழுக்கிறது. உதவி தேவை

கதிர்450:
வணக்கம். வண்டி 2007 ஹோண்டா டிஆர்எக்ஸ்450ஆர், நான்கு சக்கர குவாட். டென்னசியில் இருக்கிறேன், வார இறுதியில் மோட்டோகிராஸ் டிராக்கில் சின்ன அளவில் பந்தயம் ஓட்டுவேன். ஸ்டார்ட்டில் கேட் (தடுப்பு) விழுந்ததும் முன்சக்கரம் இரண்டும் மேலே கிளம்பிவிடும். நான் த்ராட்டிலைக் குறைத்து வண்டியைத் தரைக்குக் கொண்டுவருவதற்குள் மற்றவர்கள் முதல் வளைவில் இருப்பார்கள். அதற்காக ஒன்றேகால் அங்குலம் கூடுதல் நீளமுள்ள அலுமினிய ஸ்விங்ஆர்ம் (பின் ஆக்ஸிலைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, கராஜில் நானே மாட்டினேன். செயின் எட்டவில்லை, இரண்டு கண்ணி சேர்த்தேன்.

மாட்டியதிலிருந்து டேபிள்டாப்பில் (உச்சி தட்டையான ஜம்ப் மேடு) இறங்கி சஸ்பென்ஷன் அமுங்கும் நேரத்தில் கீழே 'டக்' என்று ஒரு அடி. பின்பக்கம் முன்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்து உட்காருகிறது. நேற்றுப் பார்த்தால் முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பக்கம் ஆயில் கசிவு வேறு. ஷாக் ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டால் சரியாகுமா?

மணல்மேடு:
ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள் ப்ரோ. செயின் தொய்வை எப்படி வைத்தீர்கள்? வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதா? கேரியர் (பின் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் பகுதி) இப்போது எந்த இடத்தில் நிற்கிறது?

கதிர்450:
ஸ்டாண்டில் வைத்துத்தான். எப்போதும் வைப்பதுபோல ஒன்றேகால் அங்குலம் ஆடும்படி விட்டேன். கேரியர் கிட்டத்தட்ட முழுக்க முன்னால் வந்துவிட்டது. அப்போதுதான் செயின் மாட்ட முடிந்தது.

டயர்_மாமா:
தம்பி, கணக்கு இங்கேதான் உதைக்கிறது. செயின் மேலே ஒரு தடவை போகிறது, கீழே ஒரு தடவை வருகிறது. ஆர்ம் ஒன்றேகால் அங்குலம் நீண்டால் செயின் இரண்டரை அங்குலம் நீள வேண்டும். 520 செயினில் ஒரு கண்ணி 5/8 அங்குலம், அதாவது 15.875 மிமீ. ஆக, நான்கு கண்ணி. நீங்கள் இரண்டைச் சேர்த்துவிட்டு மிச்சத்தைக் கேரியரை முன்னால் தள்ளிச் சமாளித்திருக்கிறீர்கள். காசு கொடுத்து வாங்கிய நீளத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

அந்த இரண்டு கண்ணியும் எங்கிருந்து வந்தன? புதுத் துண்டைத் தேய்ந்த செயினில் கோத்திருந்தால் எல்லாவற்றையும் கழற்றிப் போடுங்கள். பழைய கண்ணிகளின் பிட்ச் நீண்டிருக்கும், புதியவை அப்படி இருக்காது. அந்த இடம் பல்லில் ஏறும்போதெல்லாம் இடிக்கும். கூடுதலாக ஒரு கிளிப் கண்ணி வேறு வந்திருக்கும், பந்தயத்தில் அது எனக்குப் பிடிக்காத விஷயம். புதுச் செயின் நீளமாக வாங்கி வெட்டிக்கொள்ளுங்கள். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

மணல்மேடு:
மாமா சொன்னது நீளம். 'டக்' சத்தத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். முன் ஸ்ப்ராக்கெட்டும் ஸ்விங்ஆர்ம் பிவட்டும் (ஆர்ம் ஆடும் மூட்டு) ஒரே மையத்தில் இல்லை, பிவட் கொஞ்சம் பின்னால் இருக்கிறது. அதனால் ஆர்ம் மேலும் கீழும் போகும்போது முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும். ஸ்ப்ராக்கெட், பிவட், ஆக்ஸில் மூன்றின் மையமும் ஒரே கோட்டில் வரும்போது செயின் மிக இறுக்கம். தொங்கும் நிலையில் சரியாகத் தெரிந்த தொய்வு, ஜம்ப் இறங்கி அந்தக் கோட்டைத் தாண்டும்போது காணாமல் போய்விடும். செயின் கவுண்டர்ஷாஃப்டை, அதாவது முன் ஸ்ப்ராக்கெட் மாட்டியிருக்கும் தண்டைப் பிடித்து இழுக்கும். உங்கள் ஆயில் கசிவும் அதன் வேலையாக இருக்கலாம். சீல் மட்டும் போயிருந்தால் அதிர்ஷ்டம், உள்ளே பேரிங் ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுத்துவிட்டு, ஆக்ஸிலுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, மூன்று மையமும் ஒரு கோட்டில் வரும்வரை தூக்குங்கள். நூல் பிடித்துப் பார்த்தாலே போதும். அந்த நிலையில் செயின் 10 முதல் 15 மிமீ ஆட வேண்டும். பிறகு ஷாக்கை மாட்டி, ஸ்டாண்டில் தொங்கவிட்டு அதே செயினை அளந்தால் வேறு எண் வரும். அதுதான் இனி உங்கள் எண். மாஸ்கிங் டேப்பில் எழுதி ஃபெண்டருக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். புத்தகத்தில் இருக்கும் எண் கம்பெனி ஆர்முக்கானது.

ஷாக் கழன்றிருக்கும்போதே ஆர்மைக் கையால் தூக்கி விட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே தடையில்லாமல் இறங்க வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. இடையில் எங்காவது நின்றால் நீடில் பேரிங்கோ, உள்ளே போகும் ஸ்லீவோ, ஓரத்து வாஷரோ தவறு. அப்படியே பிரேக் ஹோஸையும் மேலிருந்து கீழ்வரை கவனியுங்கள்.

கதிர்450:
அண்ணா, ஹோஸை இப்போதுதான் பார்த்தேன். முழுக்கத் தொங்கும்போது வீணைக் கம்பி மாதிரி விறைத்து நிற்கிறது. இத்தனை நாள் அப்படியே ஜம்ப் அடித்திருக்கிறேன்! கண்ணி பற்றி மாமா சொன்னதும் சரி, பழைய செயின் துண்டுதான் போட்டேன்.

டயர்_மாமா:
ஹோஸை இழுத்துக் கட்டிச் சமாளிக்காதீர்கள். நீளமான ஹோஸ் வாங்கி, பிரேக் லைனில் இருக்கும் காற்றை வெளியே எடுத்து, பெடல் கெட்டியான பிறகுதான் வண்டியைக் கிளப்ப வேண்டும். செகண்ட் ஹேண்ட் ஆர்ம் என்பதால் வெல்டிங் ஓரங்களைத் துடைத்து டார்ச் அடித்து விரிசல் பாருங்கள். பின் ஸ்ப்ராக்கெட்டின் மேல் மட்டக்கோல் வைத்து, முன்னதோடு நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆக்ஸில் நட்டுக்கு லாக்டைட் (நட்டு கழலாமல் பிடிக்கும் பசை) போட்டு, டார்க் ரெஞ்சில் மேனுவல் அளவுக்கு இறுக்குங்கள். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் மறுபடி ஒருமுறை. குவாட்டில் கழன்றுபோவதற்கென்றே பிறந்தது அந்த நட்டு.

கதிர்450:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். புது 520 செயின், புது ஹோஸ், கவுண்டர்ஷாஃப்ட் சீல் எல்லாம் போட்டாயிற்று. பேரிங் நன்றாக இருந்தது, தப்பித்தேன். மூன்று மையமும் கோட்டில் வைத்துத் தொய்வு விட்டேன், தொங்கும்போது என் பழைய அளவைவிட அதிகம் ஆடுகிறது. 'டக்' சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. ஸ்டார்ட்டில் முன்பக்கம் இப்போது பணிந்து போகிறது.

ஆனால் கேரியர் பின்னால் போனதும் பின்பக்கம் இன்னும் தாழ்ந்துவிட்டது. வளைவில் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி வெளியே வெளியே போகிறது.

மணல்மேடு:
எதிர்பார்த்ததுதான். லிங்கேஜ் (ஆர்மை ஷாக்கோடு இணைக்கும் பகுதி) பிடிக்கும் இடம் மாறாமல் ஆர்ம் மட்டும் நீண்டால் சக்கரத்துக்கு நெம்புகோல் பலம் கூடிவிடும். உதாரணத்துக்கு, பிவட்டிலிருந்து ஆக்ஸில் 450 மிமீ என்று வைத்துக்கொள்வோம். 32 மிமீ கூடினால் 482. நீளம் 7 சதவீதம்தான், ஆனால் சக்கரம் உணரும் ஸ்பிரிங் விறைப்பு அதன் வர்க்கத்தில் குறையும்: சுமார் 13 சதவீதம். பழைய விறைப்பு வேண்டுமென்றால் ஏறக்குறைய 15 சதவீதம் கெட்டியான ஸ்பிரிங். உங்கள் ஆர்மை அளந்து அதே கணக்கைப் போடுங்கள். ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் அளவு) இறுக்கினால் உயரம் ஏறும், விறைப்பு ஏறாது. அதனால்தான் முதலிலேயே தொடாதீர்கள் என்றேன். ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு உட்கார்ந்து சாக் (உங்கள் எடையில் பின்பக்கம் அமுங்கும் அளவு) அளந்து பாருங்கள், சஸ்பென்ஷனின் மொத்தப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு பக்கம் இருந்தால் நல்ல தொடக்கம்.

பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்க ஃபோர்க் கோணம் படுத்துவிடும், வண்டி திரும்ப மறுக்கும். உயரம் சரியானால் பாதி குணமாகும்.

கதிர்450:
குவாட்டில் ஃபோர்க் எங்கே அண்ணா இருக்கிறது? 😄

மணல்மேடு:
பைக் பழக்கம், மன்னிக்கவும். காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) என்று படியுங்கள்.

டயர்_மாமா:
மீதிப் பாதி குணமாகாது தம்பி. சக்கரங்களுக்கு இடையே தூரம் கூடியிருக்கிறது, அது வளைவில் கேட்கும் விலை. மணல்மேட்டில் நேராக ஏறுபவர்களும் நேர்கோட்டு டிராக் (drag) ரேஸ் ஆட்களும் இன்னும் நீளமாகப் போடுவது அவர்களுக்கு வளைவே இல்லை என்பதால். பழைய ஆர்மை விற்றுவிடாதீர்கள். ஸ்பிரிங் வந்ததும் இரண்டையும் ஒரே டிராக்கில் நேரம் எடுத்துப் பாருங்கள். பழையதையே மாட்டி, பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தாலும் ஸ்டார்ட்டில் கொஞ்சம் அடங்கும்.

கதிர்450:
பழைய ஆர்ம் கராஜ் சுவரில் தொங்குகிறது மாமா. ஸ்பிரிங் ஆர்டர் போட்டுவிட்டேன். நேரம் எடுத்ததும் இங்கேயே எழுதுகிறேன்.