திருட்டு அலாரம் இருந்தும் ஏமாந்தவர்கள் உண்டா?

தனிவீடு:
மூன்று மாதம் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை. முன்கதவு, பின்கதவு இரண்டிலும் காந்த சென்சார் இருந்தது, கூடத்தில் பிஐஆர், அதாவது உடல் சூட்டை வைத்து ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார். அம்மா ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வருவார் என்பதால் படுக்கும்போது பிஐஆரை மட்டும் விலக்கிவிட்டுத்தான் அலாரத்தைப் போடுவோம். வந்தவன் கதவுப் பக்கமே போகவில்லை. கீழறை ஜன்னல் கண்ணாடியை உடைத்து உள்ளே இறங்கி, அதே வழியாகப் போய்விட்டான். கதவு திறந்தால்தானே காந்தம் விலகும்? காலையில் இறங்கி வந்து பார்க்கிறேன், தரையெல்லாம் கண்ணாடித் துண்டு, கட்டில் விரிப்பில் செருப்புத் தடம், சுவரில் கீபேடின் பச்சை விளக்கு ஒரு குறையும் இல்லாததுபோல எரிகிறது. அந்தப் பச்சை விளக்கை மறக்க முடியவில்லை.

இரவுப்பணி:
எங்கள் வீட்டில் நேர்மாறு. சும்மா சும்மா அடிக்கும். பிஐஆரை ஜன்னலைப் பார்த்தபடி மாட்டியிருந்தார்கள், மத்தியான வெயில் உள்ளே விழுந்து திரைச்சீலை அசைந்தால் போதும், சைரன்தான். நிஜமாகவே பூட்டை உடைத்த அன்றும் அடித்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா அப்புறம் அழுதுகொண்டே சொன்னார்: "உங்க வீட்டுச் சத்தம்தானேன்னு திரும்பிப் படுத்துட்டேன்பா."

வயரிங்:
இரண்டு பேரும் பிஐஆர் மேல் பழி போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உடல் சூடு அதன் பார்வையைக் குறுக்கே கடக்கும்போதுதான் அது நன்றாகப் பிடிக்கும், நேராக அதை நோக்கி நடந்து வருபவரைப் பிடிக்கத் தாமதமாகலாம். அதனால் அறை மூலையில், 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஜன்னலும் ஏசியும் எதிரே வராமல் மாட்ட வேண்டும். வெயில் தொல்லை இருக்கிற இடத்தில் பிஐஆரோடு மைக்ரோவேவ் அலையாலும் அசைவை உணரும் இரட்டை சென்சார் வாங்குங்கள், இரண்டும் ஒருசேர உணர்ந்தால்தான் அடிக்கும். எனக்கு நடந்தது பேட்டரியால். கரண்ட் போன ராத்திரி சைரன் ஊமையாகிவிட்டது, பெட்டியைத் திறந்தால் பேட்டரி உப்பிக் கிடந்தது. அந்த 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி பொதுவாக 3 முதல் 5 வருஷம்தான் தாங்கும், வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு அலாரத்தை அடிக்கவிட்டுப் பாருங்கள். வைஃபையை மட்டும் நம்புகிற மாடலும் வேண்டாம், ரவுட்டர் நின்றால் உங்கள் போனுக்குச் செய்தி வராது. சிம்மும் சேர்ந்ததாக எடுங்கள்.

தனிவீடு:
நான் பிஐஆரைக் குறையே சொல்லவில்லை, திரும்பப் படியுங்கள். அம்மா நடமாடுவதால் அதை ராத்திரி போட முடியாது, அதற்கு என்ன வழி என்பதுதான் என் கவலை.

இரவுப்பணி:
ஜன்னல் சட்டத்திலேயே அதிர்வு சென்சார் ஒட்டுங்கள், கண்ணாடியில் அடி விழும்போதே கத்தும். அம்மா உள்ளே எவ்வளவு நடந்தாலும் அதற்குத் தெரியாது. நாங்கள் இப்போது எல்லா ஜன்னலுக்கும் அதைத்தான் போட்டிருக்கிறோம், கழிவறை ஜன்னலையும் விடவில்லை.