புதுப்பிப்பு: குலுங்கிய டாப் லோடு வாஷிங் மெஷின்

எங்கள் 7 வயது டாப் லோடு மெஷின் (மேலே மூடி திறந்து துணி போடுவது) துணியைப் பிழியும் ஸ்பின்னில் தடதடவென்று ஆடுகிறது, வந்த மெக்கானிக் கியர்பாக்ஸ் போச்சு, புதுசு வாங்குங்கள் என்கிறார் என்று போன மாதம் எழுதியிருந்தேன். வாங்கவில்லை.

வேறொருவரைக் கூப்பிட்டோம். துணி போடும் டப்பைக் கையால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டார். ஒருமுறை எழும்பி நிற்க வேண்டியது, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. டப்பைத் தாங்கும் சஸ்பென்ஷன் ராடுகள் தளர்ந்திருக்கின்றன என்றார். 4 ராடுகளையும் சேர்த்தே மாற்றியாயிற்று. இப்போது ஸ்பின் ஓடும்போது மூடிமேல் வைத்த டம்ளர் நகரவில்லை! புதிதாக வாங்குபவர்கள் வாரண்டி வருஷத்தை மட்டும் பார்க்காதீர்கள். ராடு, வால்வு தனியாகக் கிடைக்குமா என்று கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம், மெஷினில் தண்ணீரும் மெதுவாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் போர் தண்ணீர் உப்பு. தண்ணீர் உள்ளே வரும் இடத்திலுள்ள இன்லெட் வலை முழுக்க வெள்ளைப் படிவு. வினிகரில் ஊறவைத்துப் பழைய பிரஷால் தேய்த்தேன், சரியாகிவிட்டது.