பதில்: தொடர்கதையின் தொடர்ச்சித் தொடர்?

அன்புள்ள ஐயா,

> 'மியமோட்டோ முசாஷி' தொடர்கதையின் மங்காத் தொடர்ச்சி 'வேகபாண்ட்' என்று போடலாமா?

போட வேண்டாம் என்பேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தொடர்கதை, தொடர்ச்சி, போதாக்குறைக்கு அந்த மங்காவும் (ஜப்பானியப் படக்கதை) வாரத் தொடர். ஒரே வேரை மூன்று வேலைக்கு ஏவுகிறோம். ஜப்பானியத்தில் இதழில் பகுதி பகுதியாக வருவது ரென்சாய், அடுத்த பாகம் ஸொகுஹென். இரண்டுக்கும் எழுத்தே வேறு.

அதைவிட முக்கியம், இது தொடர்ச்சியே அல்ல. யோஷிகாவா எய்ஜியின் நாவல் 1935 முதல் 1939 வரை அசாஹி நாளிதழில் வந்தது. 1600இல் செகிகஹாரா போர் முடிந்த களத்தில், பிணங்களுக்கு நடுவே உயிரோடு கிடக்கும், பின்னாளில் வாள்வீரனாகும் இளைஞன் முசாஷியிடம் கதை தொடங்குகிறது. இனோவே தகேஹிகோ 1998இல் கோதன்ஷாவின் 'மார்னிங்' வார இதழில் 'வேகபாண்ட்' வரையத் தொடங்கியபோது அவரும் அதே களத்துக்குத்தான் போனார். விட்ட இடத்திலிருந்து எடுத்தால்தானே தொடர்ச்சி?

'பின்கதை' என்று இன்னொரு நண்பர் சொன்னார். அதன் இணையான 'முன்கதை'யை நம் வார இதழ்கள் 'முன்கதைச் சுருக்கம்' என்று எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. உண்மையான தொடர்ச்சிக்கு, சினிமாக்காரர்கள் சொல்கிற 'இரண்டாம் பாகம்' போதும்.

சரி, இதற்கு என்ன சொல்? நன்னூலில் ஆயத்தமாக இருக்கிறது. முதல்நூல், வழிநூல், சார்புநூல். மூலக்கதையை ஜப்பானியர் கென்சாக்கு என்கிறார்கள். மூலம், படைப்பு என்ற இரண்டு எழுத்துகள். அப்படியே முதல்நூல்! அதிலிருந்து பிறந்தது வழிநூல். கதை என்பதால் 'வழிக்கதை' என்று வைத்துக்கொள்ளலாம். கம்பரை வான்மீகியின் வழிநூல்காரர் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது விளங்காமல் போகாது.

வழிநூலில் 'பின்னோன் வேண்டும் விகற்பம்' (மாறுபாடு) வரலாம் என்பதும் நன்னூல்தான். இனோவே செய்த விகற்பம் சின்னதல்ல. முசாஷியின் எதிரி சசாகி கோஜிரோவைக் காது கேளாதவனாக்கிவிட்டார். நாவலில் அப்படி இல்லை. அங்கே அவன் நன்றாகப் பேசுவான், கொஞ்சம் அதிகமாகவே. மங்காவிலோ, கோஜிரோ வரும் பக்கங்களில் உரையாடலுக்கு வேலையே குறைவு. எதிராளியின் தோளும் காலும் அசைவதைத்தான் அவன் படிக்கிறான், அவனோடு நாமும்.

படத்தையும் சேர்த்து 'வழிப்படக்கதை' என்று எழுதிப் பார்த்தேன். ஒரு ஒற்று விட்டால் கும்பிடப் போய்விடுகிறது. 'மங்கா வழிக்கதை' போதும். (தயவுசெய்து 'மாங்கா' வேண்டாம், ஊறுகாய் நினைவு வருகிறது.)

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். வழிநூலின் முடிபு முதல்நூலின் முடிபோடு ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சார்புநூல். நாவலில் முசாஷி படகில் போகும்போதே துடுப்பைச் செதுக்கி மரவாளாக்கிக்கொண்டு தீவில் இறங்குகிறான், கோஜிரோவோடு பொருதுகிறான், கதை முடிகிறது. மங்கா 37 தொகுதிகள் வந்து 2015இல் நின்றது, அந்தத் தீவுக்குப் போய்ச் சேராமலே. இப்போதைக்கு வழிக்கதை என்றே போடுங்கள். இனோவே முசாஷியைப் படகில் ஏற்றினால் மறுபடி பேசலாம்.