போஸ்ட்கிரெஸ்: போட்ட டேபிளையே இல்லை என்கிறது

மன்னார்குடி:
கொள்முதல் நிலைய மூட்டைக் கணக்குக்கு, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைக் கையாளும் பிஜிஅட்மின் செயலியில் ‘நெல்மூட்டை’ என்று ஆங்கில எழுத்தில் டேபிள் போட்டேன். என், எம் இரண்டும் பெரிய எழுத்து. தரவை எடுக்க செலக்ட் கட்டளை அடித்தால் அப்படி டேபிளே இல்லையாம். ஏன்?

கும்பகோணம்:
தம்பி, மேற்கோள் இல்லாத பெயரை போஸ்ட்கிரெஸ் முழுக்கச் சின்ன எழுத்தாக்கித்தான் தேடும். பிஜிஅட்மின் இரட்டை மேற்கோளுக்குள் வைத்து உருவாக்கியதால் பெரிய எழுத்து அப்படியே பதிந்துவிட்டது. ஒவ்வொரு குவெரியிலும் இரட்டை மேற்கோள் போட்டால் ஓடும். ஆனால் ஒரு இடத்தில் மறந்தாலும் நின்றுவிடும். பெயர் மாற்றும் கட்டளையான ஆல்டர் டேபிள், ரீநேம் டூ கொடுத்துச் சின்ன எழுத்தும் அடிக்கோடுமாக இப்போதே மாற்றிவிடுங்கள். பழைய பெயருக்கு மட்டும் மேற்கோள் வேண்டும். டேபிளின் காலம் (நெடுவரிசை) பெயர்களுக்கும் இதே கதிதான், அவற்றையும் பாருங்கள். ஒற்றை மேற்கோள் கூடாது, அது மதிப்புக்கு உரியது.

திருவாரூர்:
ஆரக்கிள் தரவுத்தளம் நேர்மாறு, பெரிய எழுத்தாக்கும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பெயருக்கு இரட்டை மேற்கோளுக்குப் பதில் பேக்டிக் (`) குறி. அதில் விண்டோஸில் ஓடிய டேபிள் பெயர் லினக்ஸ் சர்வரில் பெரிய, சின்ன எழுத்து மாறினால் கிடைக்காது.

மன்னார்குடி:
நன்றி அண்ணே. தமிழிலேயே பெயர் வைத்தால்?

கும்பகோணம்:
தாராளமாக. பெரிசு சின்னது தொல்லையே இல்லை, மேற்கோளும் வேண்டாம். ஆனால் பெயர் வரம்பு 63 பைட். யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் புள்ளி, கொம்பு ஒவ்வொன்றும் தனியாக 3 பைட் எடுக்கும். ‘கொள்முதல்’ மட்டுமே 27. மீறினால் பிழை காட்டாது. ஒரு அறிவிப்போடு வாலை வெட்டிவிடும்.