இன்ஜின் ஓவர்ஹாலுக்கு (முழுதாகப் பிரித்துச் செப்பனிடுவதற்கு) இன்னும் 1100 மணி பாக்கி என்று நம்பி விமானம் வாங்கியவர்கள் யாராவது உண்டா?

கண்டனூரான்:
லீவுக்கு ஊருக்கு வந்தும் இது மண்டையைக் குடைகிறது. டெக்சாஸில் மூன்று பேர் சேர்ந்து பழைய செஸ்னா 172 குட்டி விமானம் வாங்கினோம். இன்ஜின் லைகோமிங் ஓ-320, ஓவர்ஹால் ஆகி ஓடியது 900 மணிதான், அடுத்த ஓவர்ஹாலுக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு 2000 மணி, அப்புறம் என்ன கவலை என்று இருந்துவிட்டோம். கம்பெனியின் அதே தாளில், மணி ஆகாவிட்டாலும் 12 வருடம்தான் கெடு என்றும் போட்டிருக்கிறதே, அதை விற்றவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முதல் ஆயில் மாற்றும்போது மெக்கானிக் ஃபில்டரை வெட்டி, மடிப்பைப் பிரித்து வெயிலில் காட்டினார். ஜிகினா கொட்டியதுபோல் மின்னியது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் அத்தனையும் எழுந்து ஒட்டிக்கொண்டது. வால்வைத் தள்ளித் திறக்கிற கேம் ஷாஃப்டின் மேடு (கேம் லோப்) ஒன்று தேய்ந்து மொட்டை.

தேவகோட்டை ஹேங்கர்:
தம்பி, 2000 மணியைக் குறை சொல்லாதீர்கள். நான் பயிற்சிப் பள்ளி ஹேங்கரில் இருந்தவன். தினமும் பறந்த செஸ்னா 152 ஒன்றின் இன்ஜினைக் கெடு முடிந்து இறக்கியபோது கம்ப்ரெஷன் (சிலிண்டர் காற்றழுத்தம் தாங்குகிற சோதனை) 80க்கு 76, கழற்றவே மனசு வரவில்லை. சும்மா நிற்பதுதான் கெடுதல். லைகோமிங்கில் கேம் ஷாஃப்ட் மேலே இருக்கிறது, நிறுத்திப்போட்டால் ஆயில் வடிந்து துரு பிடிக்கும். பூட்டிக்கிடக்கும் நம்மூர் வீடு மாதிரிதான்.

கண்டனூரான்:
வாராவாரம் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்ததாக விற்றவர் பெருமையாகச் சொன்னாரே அண்ணே?

தேவகோட்டை ஹேங்கர்:
அதுதான் வினை. தரையில் ஓட்டினால் ஆயில் போதுமான சூடு ஏறாது, உள்ளே சேர்ந்த ஈரம் வெளியேறாது.

பள்ளத்தூர் 76:
அண்ணன் இன்னொரு கம்பெனி இன்ஜினான கான்டினென்டலைப் பற்றிச் சொல்லவில்லை, அதில் கேம் கீழே. அதற்காக அதில் துருவே வராது என்றில்லை. சரி, இனி இன்ஜினை மாற்றுகிற கதைக்கு வருவோம். கம்பெனியே திரும்பக் கட்டித் தருகிற ரீபில்ட் என்றால் பழைய பாகம் இருந்தாலும் புது பாகத்தின் அளவுக்குள் நிற்க வேண்டும், ஓடிய மணியை எழுதும் லாக்புக் பூஜ்யத்தில் தொடங்கும். ஓவர்ஹால் என்றால் பாகம் சர்வீஸ் லிமிட்டுக்குள் (அனுமதித்த தேய்மான அளவுக்குள்) இருந்தாலே போதும், மொத்த மணிக்கணக்கும் தொடரும். செய்பவர் எந்த அளவுக்குச் செய்தார் என்று எழுதி வாங்குங்கள், இரண்டையும் ‘புதுசு மாதிரி’ என்றுதான் விற்பார்கள். எக்ஸ்சேஞ்ச் விலை சொன்னால் பழைய இன்ஜினைக் கொடுக்கிற கணக்கில் சொன்னது. கொடுக்கிற இன்ஜினின் கேஸில் (வெளிக்கூட்டில்) விரிசல் இருந்தால் மேலே பணம் கேட்பார்கள். நானாக இருந்தால் என் இன்ஜினையே பிரித்துச் செய்வேன், அதன் சரித்திரமாவது தெரியும்.

கண்டனூரான்:
விலை விவரம் நான் கேட்கவில்லை. ஆனால் நேற்று இரவு மெக்கானிக் படம் அனுப்பினார். கேஸில் விரிசல் இருக்கிறது.